ரோபோவுக்கு நெற்றி எங்கே?

ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில் இன்று ஆயுத பூஜை. புதிதாக வந்திருக்கும் ரோபோவுக்கு நான்தான் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தேன்.

பூஜை முடிந்து லைனை ஓட்டினால், அது அசையவே இல்லை.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "இன்னாம்மா, கேமரா மேலயே பொட்டு வச்சிக்கிறியே! அது கண்ணும்மா. எத்தப் பாத்து வேலை செய்யும்?"

அது கண் என்று எனக்கு யார் சொன்னது? டிரெயினிங் அன்றைக்கு எங்களைக் கிட்டவே விடவில்லையே!

துடைத்ததும் ஓடியது. அவர் திட்டுவதுதான் நிற்கவில்லை. "இனிமே இந்த மிஷினுக்குப் பூஜையே கெடையாது."

எனக்கு வந்ததே கோபம்.

"பக்கத்துல கீற பிரஸ் மிஷினு 1991ல வந்தது சார். வருஷா வருஷம் பொட்டு வச்சிகினுதான் ஓடுது. இதுவும் எங்க கூடத்தான வேலை செய்யுது? பொட்டு வைக்காம வுட மாட்டேன். நெத்தி எதுன்னு மட்டும் காட்டுங்க."

அவர் ரோபோவை மேலும் கீழும் பார்த்தார். சுற்றி வந்தும் பார்த்தார். நெற்றி அகப்படவில்லை.

முழங்கை மாதிரி மடங்கும் இடத்துக்கு மேலே பெரிய பொட்டாக வைத்துவிட்டேன். ஜம்மென்று ஓடுகிறது.

உங்கள் கம்பெனி ரோபோவுக்கு எங்கே வைத்தீர்கள்? போட்டோ போடுங்கள். நாளைக்கு அவரிடம் காட்ட வேண்டும்.