சொறி வந்த அன்று அண்ணி போட்ட சத்தம்

எனக்கும் என் அண்ணி ஜெயராணிக்கும் ஆகாது. எங்கள் குப்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது, ஒளிக்க ஒன்றுமில்லை. அவள் வைக்கிற குழம்பில் எனக்குப் புளி போதாது. நான் பேசுகிற பேச்சில் அவளுக்கு மரியாதை போதாது. அப்படிப்பட்ட நான் அவளைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன் என்றால், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

என் பெயர் மங்கலம். பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில், வெள்ளாறு கடலில் சேருகிற இடத்தில் எங்கள் குப்பம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் செம்பியன் படகு வைத்திருக்கிறார். நான் சிதம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறேன். என் அண்ணன் சிங்காரம் கடலூர் துறைமுகம் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள்தான் ஜெயராணி. பத்தாவது படித்தவள். அதை அவளும் மறக்கமாட்டாள், நம்மையும் மறக்கவிடமாட்டாள்.

சுனாமிக்குப் பிறகு ஆண்களுக்குப் படகும் வலையும் வந்தன. உதவி செய்ய வந்தவர்கள் பெண்களுக்கு ஊறுகாய் போடப் பயிற்சி தருவதாகக் கூட்டம் போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஜெயராணி மட்டும் எழுந்து நின்றாள்.

"கடக்கரையில இருக்கறவளுக்கு எலுமிச்சங்கா எதுக்குங்க? மீன் குஞ்சு குடுங்க, வளக்கறோம்" என்றாள்.

வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் விடவில்லை. கடலூருக்கு நடையாய் நடந்தாள். எந்த ஆபீஸுக்குப் போனாள், யாரிடம் என்ன பேசினாள், எனக்குத் தெரியாது. 2010-ஆம் வருஷம், நீல நிற டிரம்களில் மிதக்கிற ஒரு கூண்டு எங்கள் முகத்துவாரத்துக்கு வந்து இறங்கியது. நாலு பக்கமும் அடியிலும் வலை, நடுவில் விரல் நீளக் கொடுவா மீன் குஞ்சுகள். கூடவே அன்பரசு என்று ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர், எதைக் கேட்டாலும் பொறுமையாகச் சொல்வார்.

அவர் ஒரு நிபந்தனையும் சொன்னார். இது ஒரு வருஷத்துச் சோதனை. மீன் பிடிக்கிற நாளில் பாதிக்கு மேல் உயிரோடு இருந்தால் கூண்டு எங்கள் குப்பத்துப் பெண்களுக்கே சொந்தம். இல்லையென்றால் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

குப்பத்து ஆண்கள் கேலி செய்தார்கள். என் வீட்டுக்காரர்தான் அதில் முதல் ஆள். "என்னா தங்கச்சி, கோழிக்குத் தீனி வச்சிட்டியா?" என்று தினம் கேட்பார். அவள், "வச்சிட்டேண்ணே, முட்ட போட்டா ஒனக்குத்தான் மொதல்ல" என்பாள். வாய் மட்டும் எங்கேயும் தோற்காது.

உழைப்பைக் குறை சொல்ல முடியாது. கொடுவா இருக்கிறதே, தன் இனத்தையே தின்னும். கொஞ்சம் பெரிசாக வளர்ந்தது பக்கத்தில் இருக்கிற சின்னதை விழுங்கிவிடும். அதனால் அடிக்கடி பெரிசு சிறிசு பார்த்துப் பிரித்துப் போட வேண்டும். வலையில் பாசி அடைத்தால் தேய்த்துக் கழுவ வேண்டும். பொடி மீனை நறுக்கிப் போட வேண்டும். கூண்டைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்த குழுவில் மற்ற பெண்கள் முறை வைத்து வந்தார்கள். இவளுக்கு எல்லா நாளும் இவள் முறைதான். "எனக்குச் சோறு போட மறந்தாலும் மறப்பா, அதுங்களுக்கு மறக்கமாட்டா" என்று என் அண்ணன் என்னிடம் வந்து மூக்கைச் சிந்துவான். நன்றாக வேண்டும் உனக்கு என்று நினைத்துக்கொள்வேன்.

மறு வருஷம் சித்திரை முடிகிற நேரம். மீன் நன்றாகத் திரண்டிருந்தது, ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். பிடிக்க இன்னும் சில வாரம்தான் இருந்தது. அப்போதுதான் சொறி வந்தது.

சொறி என்றால் தெரியும் இல்லையா? கண்ணாடி மாதிரி உடம்பும் கீழே நூல் நூலாகத் தொங்கலுமாகக் கடலில் மிதக்குமே, ஜெல்லி மீன் என்று படித்தவர்கள் சொல்கிறார்களே, அதுதான். மேலே பட்டால் தோல் தடித்து எரியும். வருஷா வருஷம் வெயில் காலத்தில் வரும், நாங்களும் திட்டிக்கொண்டே வலையிலிருந்து உதறிப் போடுவோம். அந்த வருஷம் வந்தது மாதிரி நான் பார்த்ததில்லை. கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏற ஏற, தண்ணீர் தெரியாத அளவுக்குச் சொறி. அத்தனையும் நேராகக் கூண்டின் மேல் வந்து அப்பியது.

செய்தி தெரிந்ததும் ஆண்கள் ஓடி வந்தார்கள். கேலி செய்தவர்கள்தான், ஆனாலும் ஆபத்து என்றால் சும்மா நிற்கமாட்டார்கள். என் வீட்டுக்காரர் முன்னால் படகை விட்டார். நானும் அண்ணனும் அதில் ஏறிக்கொண்டோம். ஜெயராணி அதற்கு முன்பே கூண்டின் விளிம்புச் சட்டத்தில் குந்தியிருந்தாள். வலையில் சொறி அடைத்தால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். துடுப்பாலும் கழியாலும் அடித்து நொறுக்கினார்கள். கூழாகிப் போன சொறியைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிற்று. வலை சுத்தமானது. எங்களுக்கெல்லாம் ஒரே உற்சாகம்.

ஆனால் உள்ளே இருந்த மீன்கள் ஒரு மூலையில் போய் ஒடுங்கின. சில மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஜெயராணி கூண்டுக்குள் கையை விட்டு ஒன்றைப் பிடிக்கப் பார்த்தாள். சுரீர் என்று கையை இழுத்துக்கொண்டாள். கூண்டுக்குள் ஒரு சொறிகூட இல்லை, ஆனால் முழங்கை வரைக்கும் தடித்துச் சிவந்துவிட்டது. அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. முழுச் சொறி வலைக்கு வெளியே நிற்கும். அடித்து நொறுக்கிய துணுக்கு வலைக்கண் வழியாக உள்ளே போய், மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு கொட்டும்.

"அடிக்காதீங்க! ஒருத்தரும் அடிக்காதீங்க!" என்று கத்தினாள்.

யார் காதிலும் விழவில்லை. என் வீட்டுக்காரர் மறுபடியும் கழியை ஓங்கினார். அவள் எட்டி அந்தக் கழியைப் பிடித்துக்கொண்டாள்.

"செம்பியண்ணே, கழியக் கீழ போடு! சாயங்காலமா ஒன் கால்ல வேணா வுழறேன். இப்ப நீ அடிக்கற ஒவ்வொரு அடியும் என் மீன் செவுளுல வுழுது. போடு கீழ!"

ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. வீட்டு மாப்பிள்ளையை, வந்த மருமகள் அதட்டுகிறாள். எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது.

"என்னாடி, யாரப் பாத்துப் பேசற? ஒதவிக்கு வந்த மனுஷன இப்படியா பேசுவ?" என்றேன்.

"ஒன் சண்டைய கரையில வச்சுக்க மங்கலம். மீன் பொழைக்கட்டும் மொதல்ல" என்றாள்.

என் வீட்டுக்காரர் கழியைப் போட்டார். முகம் கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். நான் படகைத் திருப்பச் சொல்லலாம் என்று பார்த்தேன். அவரோ தண்ணீர் ஓடுகிற திசையைப் பார்த்தார்.

"அடிக்கக் கூடாதுன்னா வேற என்னாதான் பண்றது தங்கச்சி?" என்று கேட்டார்.

"முழுசா வந்தது முழுசாவே ஒதுங்கிப் போவணும்ணே. அதுக்கு வழி சொல்லு."

"அப்ப என் பழைய கரைவலைய எடுத்தாறேன். கூண்டுக்கு முன்னாடி நேராக் கட்டுனா அப்பிக்கும். சாய்ச்சுக் கட்டணும். தண்ணி வேகத்துல வழுக்கிக்கிட்டு அந்தாண்ட போயிடும்."

சவுக்குக் கழிகளை ஆற்றில் சாய்வாக ஊன்றி, அந்த வலையைக் கட்டினார்கள். அவர் சொன்ன மாதிரியே சொறியெல்லாம் வலையோரமாகச் சறுக்கிக்கொண்டு கூண்டைத் தாண்டிப் போயிற்று. தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் போன சொறி அத்தனையும் திரும்பி வந்தது. அவிழ்த்து மறுபக்கம் கட்டினோம். கட்டினோம் என்கிறேன், நானும்தான் இறங்கினேன். கழுத்தெல்லாம் எரிந்தது. அவளோடு பேசமாட்டேன் என்று வீம்பாக, பேசாமலே கயிறு பிடித்தேன்.

சொன்ன மாதிரியே சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, அவர் காலில் விழுந்தாள். அவர் பதறிப்போய்த் துள்ளி எழுந்துவிட்டார். "ஐய, எந்திரி தங்கச்சி! நீ சொன்னது ஞாயந்தான்" என்றார். நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன், அதை இல்லையென்று சொல்லமாட்டேன்.

சொறி ஒதுங்கியும் மீன் தெளியவில்லை. ஜெயராணி போனில் அன்பரசுவைப் பிடித்தாள். அவர் எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "குளிர் தேசத்துல சால்மன்னு ஒரு மீன இதே மாதிரி கூண்டுல வளக்கறாங்கம்மா. அங்கயும் சொறி வந்து கூண்டு கூண்டா செத்திருக்கு. செவுளு புண்ணானா மீனுக்கு மூச்சு பத்தாது. தீனி போடாதீங்க, செரிக்கறதுக்கும் மூச்சு வேணும். கையில புடிக்காதீங்க, பிரிச்சுப் போடாதீங்க. சும்மா வுட்டாத்தான் புண்ணு ஆறும்." வெள்ளைக்காரன் ஊர் மீனுக்கும் எங்கள் ஊர் மீனுக்கும் ஒரே சத்துரு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சும்மா விடுவது லேசா? ஒவ்வொரு நாளும் சில மீன் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. குழுப் பெண்கள், "பட்டினி போட்டே கொல்றா" என்று பேச ஆரம்பித்தார்கள். அவர்களில் ரத்தினம்மாள் ஒரு வாளி நறுக்கிய மீனோடு படகேறிவிட்டாள். ஜெயராணி குறுக்கே நின்று மறித்தாள்.

"மூச்சு முட்டிக் கெடக்கறவன் வாயில சோத்தத் திணிப்பியா? எறங்குக்கா" என்றாள்.

நானும் என் பங்குக்குச் சொன்னேன். "இருக்கறத இப்பவே புடிச்சிக் குடு, ஐஸ் வச்சு வித்துத் தர்றேன். நாளைக்கு எல்லாம் செத்துச்சுன்னா கருவாட்டுக்குக்கூட ஆவாது." வியாபாரம் தெரிந்த யாரும் அதைத்தான் சொல்வார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "வித்துட்டா சோறு கெடைக்கும் மங்கலம். கூண்டு போயிடும். அதுங்க பொழைச்சுக்கும்னு எனக்குத் தோணுது. பொழைக்கலன்னா ஊரு சிரிக்கட்டும், நான் ஏத்துக்கறேன்" என்றாள்.

பிறகு ஒரு காலையில், தண்ணீர் தெளிந்திருந்தபோது, ஒரு பிடி பொடி மீனை மட்டும் வீசினாள். ஒன்றும் அசையவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சளார் என்று சத்தம். ஒரு கொடுவா மேலே வந்து கவ்விக்கொண்டு போயிற்று. பின்னாலேயே இன்னொன்று, அப்புறம் தண்ணீரே கொதித்தது. ஜெயராணி படகில் அப்படியே உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அவள் பார்க்காத மாதிரி.

பிடிக்கிற நாளில் அன்பரசுவே வந்து நின்று எண்ண வைத்தார். பாதிக்கு மேல் என்ன, முக்கால்வாசி மீன் துள்ளிக்கொண்டு வந்தது. ஒன்றைத் தூக்கிச் செவுளைத் திறந்து பார்த்தார். நல்ல சிவப்பு. "கூண்டு ஒங்களுக்குத்தான்" என்றார். பெண்கள் போட்ட கூச்சல் அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். என் வீட்டுக்காரர் விசில் அடித்தார், இந்த வயசில்.

அந்த மீனை விற்க நான்தான் சிதம்பரம் கொண்டுபோனேன். எங்கள் மார்க்கெட்டில் வளர்த்த மீன் என்றால் மூக்கைச் சுளிப்பார்கள். அதனால் எங்கிருந்து வந்தாலும் கடல் மீன் என்று சொல்லித்தான் விற்போம். நானும் அப்படியே விற்றவள்தான். வாடிக்கைக்காரர் சபாபதி, மெஸ் நடத்துகிறவர், வந்து கொடுவாவைப் புரட்டிப் பார்த்தார்.

"என்னா மங்கலம், எல்லாம் ஒரே அளவா இருக்கு. பண்ணை மீனா?" என்று கேட்டார்.

பக்கத்துக் கடைக்காரி என் முழங்காலைக் கிள்ளினாள், சொல்லிவிடாதே என்று. நான் எழுந்து நின்றேன்.

"ஆமாங்க, பண்ணை மீனுதான்" என்றேன், மார்க்கெட் முழுக்கக் கேட்கும்படி. "எங்க அண்ணி வளத்தது."