சுபேதார் பிடுங்கிய கயிறு

திருமலைச்சாமி பட்டாளத்தில் சுபேதாராக இருந்தார். ஓய்வு பெற்று வந்ததும், வில்பட்டிக்கு மேலே இருக்கும் எங்கள் ஊரில் பஞ்சாயத்துத் தலைவரானார். இரண்டையும் ஒரே மாதிரிதான் நடத்தினார். பூண்டு வயலுக்குத் தண்ணீர் முறை மாற்றுவதற்குக்கூட விசில்தான். பொய் சொல்லக் கூடாது, ரோடு அவர் காலத்தில்தான் வந்தது.

அடுத்த தேர்தலில் அந்தப் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். மனுஷர் அசரவில்லை. மனைவி அன்னக்கொடியை நிறுத்தி ஜெயித்தார். ஆமாம், ஜெயித்தது அவர்தான். நாற்காலியில் அவர் உட்கார்ந்தார், கையெழுத்து மட்டும் அந்தம்மா போட்டார். நாங்களும் எதற்கெடுத்தாலும் சுபேதாரைத்தானே தேடிப் போனோம்!

போன குடியரசு தினத்தன்று கொடியேற்றத் தலைவரை அழைத்தார்கள். அன்னக்கொடி பட்டுச்சேலையில் வந்து கயிற்றைப் பிடித்தார். மெடல் குத்திய கோட்டோடு பக்கத்தில் நின்ற சுபேதாருக்குப் பொறுக்கவில்லை.

"நீ தள்ளு. முடிச்சு சிக்கிக்கிட்டா ஊரே சிரிக்கும்."

கயிற்றைப் பிடுங்கி இழுத்தார். கொடி பறந்தது, பூ அவர் தலையில் கொட்டியது, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். நாங்கள் கை தட்டினோம். அன்னக்கொடி வெறுங்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

இதற்குமேல் நடந்ததைச் சுபேதாரே என்னிடம் சொன்னார், தலை நிமிராமல்.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவக் கொல்லைக்குப் போயிருக்கிறார். பேரி மரக் கிளையில் ஒரு கயிறு தொங்கியது. அதில் அவருடைய துண்டு, கொடியை மடிப்பதுபோலவே மடித்து முடிச்சிட்டிருந்தது. கிளம்பும் அவசரத்தில் அன்னக்கொடி அவிழ்க்காமல் விட்டதுபோல. கீழே தரையெல்லாம் நசுங்கிய செண்டுப்பூ. கயிற்றைச் சுண்டினார். துண்டு அழகாக விரிந்து, பூ அவர் முகத்தில் விழுந்தது.

பட்டாளத்தில் மேலதிகாரி கையிலிருந்து ஒரு குண்டூசியைக்கூட அவர் பிடுங்கியதில்லை. எவனாவது பிடுங்கியிருந்தால் தோலை உரித்திருப்பார். மார்பில் தொங்கிய மெடல்களைப் பார்க்கவே அவருக்குக் கூசியது.

பின்னால் அன்னக்கொடி வந்து நின்றார். குரலில் கோபமே இல்லையாம். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன் என்றார் சுபேதார்.

"என்னங்க, முடிச்சு சரியா அவுந்துச்சாங்க?"

தலைவரைக் கேட்ட கேள்விக்கெல்லாம் முந்திக்கொண்டு பதில் சொன்ன மனிதர், தொங்கிய துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாராம்.