கோணாமலை அடைத்த முக்கால் வேலி

ஆரையம்பதியில் கோணாமலையை அறியாத மாடு கிடையாது. இருபத்திரண்டு வருடம் வட்டவிதானையாக இருந்து ஒரு வட்டையின் வயல் முழுவதற்கும் தண்ணீரும் வேலியும் பார்த்தவர். விதைப்புக்கு முன் ஒவ்வொருவரும் தன் பங்கு வேலியை அடைத்தாக வேண்டும். அடைக்காதவன் வயலில் மாடு மேய்ந்தால் நட்டம் கேட்க அவனுக்கு வாயில்லை. இந்த ஒரு சட்டத்தைச் சொல்லியே அரை ஊரைப் பகைத்துக்கொண்டவர்.

அப்படிப்பட்டவருடைய நாய்தான் வேலிக்கு அடங்கவில்லை.

நாயின் பெயர் பியோன். கந்தோரில் அதிகாரி பின்னால் திரியும் பியோன் மாதிரி வயலெல்லாம் அவர் பின்னால் நடந்ததால் வந்த பெயர். விதானை வேலையை விட்டு அவர் வீட்டோடு இருந்த பிறகு, பியோனுக்கும் ஒரே வேலைதான் மிஞ்சியது: கிழக்கு வீட்டு இராசதுரை முற்றத்தில் காயப்போடும் கருவாட்டைக் குறைப்பது. இரண்டு வளவுக்கும் நடுவில் இருந்த கிடுகு வேலியின் அடியில் மணலைத் தோண்டிக்கொண்டு போய்ப் போய், ஓரிடத்தில் வேலியே விழுந்து ஆள் போகும் வழியாகிவிட்டது. கட்டிப்போட்டால் செத்தவீடு என்று அயலவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு ஊளையிடும்.

செவ்வாய்க்கிழமை இராசதுரை படலையடியில் வந்து நின்றார்.

"விதானையார், இதுதான் கடைசி. சனிக்கிழமையும் உங்கட பியோன் என்ட கருவாட்டில வாய் வைச்சா, அண்டைக்கு மாங்கேணிக்குப் போற மருமகன்ட லொறியில ஏத்தி அங்க இறக்கிப்போட்டு வந்திருவன்."

"மாங்கேணியில கருவாடு இன்னும் கூட மாமா," என்றாள் கோணாமலையின் மகள் அகீலா. "அது தண்டனையில்ல, பியோனுக்குப் பதவி உயர்வு."

கோணாமலை சிரிக்கவில்லை. பியோன் போனால் தன் பேச்சைக் கேட்க ஒரு சீவனும் மிஞ்சாது என்று அவருக்குத் தெரியும். மகள் எப்போதும் கேட்டதில்லை.

அகீலா மட்டக்களப்பில் வீடுவீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பராமரிப்பவள். பிரச்சினை என்றால் அழமாட்டாள், சாமான் வாங்குவாள். அன்றிரவே நாய்க்கான மின்வேலிகளைப் போனில் பார்த்துவிட்டாள்.

"மூண்டு வகை கிடக்கு அப்பா. ஒண்டு வயரில்லாதது. வட்டமாத்தான் காக்கும். நம்மட வளவு பாம்பு மாதிரி நீளம். வட்டம் போட்டா மாமாட கருவாடும் அதுக்குள்ள வந்திரும்."

"அது பியோனுக்கு நல்லதுதானே."

"மற்றது வானத்துச் செய்மதியால பாக்கிறது. தென்னைக்குக் கீழ இடம் பிழைக்குமாம். நாளாந்தம் சார்ஜ் போடணும். உங்கட போனையே நான்தானே சார்ஜ் போடுறன். மூண்டாவதுதான் சரி. வளவைச் சுத்தி வயரை மண்ணுக்குள்ள புதைக்கணும். நாய் கிட்டப் போனாக் கழுத்துப்பட்டி கூவும். அதுக்கும் நிக்காம மறுகாவும் போனாக் கிள்ளும்."

"யானைக்குப் போடுற மாதிரியா? என்ட நாய்க்கு வேணாம்."

"ஆருக்குக் கஞ்சி குடுத்தாலும் நான் ஒரு வாய் பாத்துத்தான் குடுப்பன். பட்டி வரட்டும், என்ட கையில கட்டிப் பாக்கிறன்."

புதன்கிழமை வாங்கி வந்தாள். சொன்னபடியே முற்றத்தில் வயரின் ஒரு துண்டை வளையமாக விரித்து, வயருக்கு மின்சாரம் விடும் பெட்டியில் இணைத்து, அதன் குமிழை இரண்டில் வைத்து, பட்டியை மணிக்கட்டில் அழுத்திக்கொண்டு நடந்தாள். "இரண்டாம் இலக்கத்தில கட்டெறும்பு கடிச்ச மாதிரி," என்றாள். "நீங்களும் பாருங்களன்."

"விதானை சோதிக்கிறவன். சோதனைக்குப் போறவனில்ல."

வியாழன் அகீலா வேலைக்குப் போனதும் கோணாமலை மண்வெட்டியை எடுத்தார். மாலைக்குள் வயரை மண்ணில் தாட்டு, நெடுகச் சின்னக் கொடிகளும் நட்டுவிட்டார். பியோனைக் கூட்டிக்கொண்டு கொடி கொடியாகப் போய், விதைப்புக் கூட்டத்தில் பேசுவதுபோல எல்லைகளை அறிவித்தார். பியோன் வாலாட்டி ஏற்றுக்கொண்டது.

வெள்ளி காலை பார்த்தால் பெட்டியில் சிவப்பு விளக்கு. வயர் எங்கோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அகீலா வளவைச் சுற்றி வந்தாள். தெற்கில் வயர் இருந்தது. மேற்கில் இருந்தது. வடக்கிலும் இருந்தது. மிச்ச வயரில் அவளுடைய இரண்டு சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"கிழக்கு எங்க அப்பா?"

"அது இராசதுரைட பங்கு," என்றார் கோணாமலை. "அந்தப் பக்க வேலி அவருக்கெண்டுதானே காணி உறுதியிலயே எழுதிக் கிடக்கு."

"இது கிடுகு வேலியில்ல. வயர் சுத்திவந்து பெட்டியில முட்டினாத்தான் வேலை செய்யும்."

"சட்டம் சட்டம்தான்."

அகீலா காய்ந்த சட்டைகளை எடுத்தாள், வயரைச் சுருட்டினாள், அப்பாவின் கையில் கொடுத்தாள். "அப்ப நீங்களே போய்ச் சொல்லுங்க. நாளைக்கு லொறி வருது."

இராசதுரை கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார்.

"உங்கட நாய்க்கு நான் வேலி அடைக்கவா விதானையார்?"

"நாய்க்கில்ல, எல்லைக்கு. தன்ட பங்கைத் திறந்து போட்டவன் நட்டம் கேக்க ஏலா."

இராசதுரையின் கை நின்றது. எட்டு வருடத்துக்கு முன் அவருடைய வயலில் எருமை இறங்கியபோது கோணாமலை வார்த்தை பிசகாமல் சொன்ன தீர்ப்பு அது. அதன் காரம் இன்னும் அவருக்கு இறங்கியிருக்கவில்லை.

"சரி," என்றார் கடைசியில். "அடைக்கிறன். ஆனா வேலி அடைச்சா அது நிக்குதா எண்டு விதானை பாக்கணும். அதுவும் உங்கட சட்டம்தானே?"

"ஓம்."

"அப்ப பட்டியை உங்கட கையில கட்டிக்கொண்டு நீங்களே நடக்கணும்."

பின்னேரத்துக்குள் கிழக்கிலும் வயர் மண்ணுக்குள் இறங்கியது. விளக்குப் பச்சையானது. அகீலா பட்டியை அப்பாவின் மணிக்கட்டில் இறுக்கிக்கொண்டிருந்தபோது, இராசதுரை பெட்டியைப் பார்ப்பதுபோலக் குனிந்து, பட்டிக்கான குமிழை இரண்டிலிருந்து ஐந்துக்குத் திருப்பினார். அகீலா கண்டாள். காணாதவள்போல வாரை இன்னொரு துளை இறுக்கினாள்.

கோணாமலை கிழக்கில் வேலி விழுந்திருந்த இடத்தை நோக்கி, வரப்பில் நடப்பதுபோல நிமிர்ந்து நடந்தார். பட்டி கூவியது. அவர் நிற்கவில்லை. விதானை எந்த வேலியின் முன்னும் நின்றதில்லை. அடுத்த அடியில் எழுபத்துநான்கு வயது உடம்பு ஒரு முழம் மேலே போய், கொடியைச் சரித்துக்கொண்டு, அவருக்குத் தெரியும் என்று இருவரும் நினைத்தே இராத ஒரு கெட்ட வார்த்தையோடு இராசதுரையின் மணலில் குந்தியது.

"வேலி நிக்குது," என்றார் இராசதுரை.

அகீலா அவரைத் தூக்கிவிட்டு, நாடி பார்த்து, முழங்காலை மடக்கி நீட்டிவிட்டு, "ஒண்டுமில்ல," என்றாள். பிறகுதான் சிரித்தாள்.

எல்லாவற்றையும் முற்றத்திலிருந்து பியோன் பார்த்திருந்தது. நாயைப் பழக்க இரண்டு கிழமை பிடிக்கும் என்று பெட்டியோடு வந்த தாளில் இருந்தது. பியோனுக்கு அந்த ஒரு பாய்ச்சல் போதுமாக இருந்தது. சனிக்கிழமை முழுக்கக் கொடிக்கு நாலடி இப்பால் குந்தியிருந்து கருவாட்டைக் கண்ணால் தின்றது. லொறி வெறுமையாகவே மாங்கேணிக்குப் போனது.

கோணாமலை இப்போது பின்னேரங்களில் இராசதுரை வீட்டுக்குப் பேசப் போகிறார். வேலி விழுந்த வழியால் ஓர் எட்டு வைத்தால் போய்விடலாம். கையில் பட்டியும் இல்லை. ஆனாலும் தெருவால் சுற்றித்தான் போகிறார்.