தேக்சா ஏறிய பலகை

போன வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஷூ கம்பெனியின் ஆண்டு விழா ஆம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. தைத்து வரும் ஷூக்களில் நூல் பிசிறு பார்ப்பது என் வேலை. சின்ன வயதில் போலியோ வந்ததால் சக்கர நாற்காலிதான். ஆனால் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை; மெஷின் சத்தத்தையும் மீறிப் பாடுவேன். மேடையில் மைக் பிடித்து நாலு பேர் கேட்கப் பாட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

போய்ப் பார்த்தால் மேடைக்குப் படி மட்டும்தான். "இதுக்குப் போயி யோசிக்கிறியா? நாங்க இல்ல?" என்று எங்கள் செக்‌ஷன் ஆட்கள் என்னை அள்ளித் தூக்கி, மேலே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முப்பது தாண்டிய பெண்ணை ஊர் பார்க்கத் தூக்கினால் எப்படி இருக்கும்? புடவை வேறு விலகியது. கூனிக் குறுகிப் போனேன். ஆனாலும் பாடினேன், நன்றாகவே பாடினேன். கை தட்டினார்கள்.

நான்தான் கடைசி. "பிரியாணி ரெடி" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். ஆம்பூரில் அதற்குப் பிறகு யார் நிற்பார்கள்? மொத்தக் கூட்டமும் பக்கத்து சாப்பாட்டு ஹாலுக்குப் போய்விட்டது. என்னை வேறு யாராவது இறக்கியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துவிட்டார்கள்.

ஃபேனையும் நிறுத்திவிட்டார்கள். என் சக்கர நாற்காலி கீழே, கண்ணெதிரே நின்றது. கூப்பிட்டேன், சிரிப்புச் சத்தமும் தட்டுச் சத்தமும்தான் கேட்டன. தவழ்ந்து இறங்கலாம். அந்தக் கோலத்தில் யாராவது பார்த்துவிட்டால்? கை தட்டல் வாங்கிய இடத்திலேயே இப்படி அனாதையாக உட்கார்ந்திருக்கிறேனே என்று அழுகை முட்டியது. கோபமும்தான்.

மைக்கில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "நான் இன்னும் மேடையிலதான் இருக்கேன்" என்றேன். காலி மண்டபத்தைச் சுற்றிவிட்டு என் குரல் என்னிடமே வந்தது.

பின்வாசலில் பிரியாணி மாஸ்டர் எட்டிப் பார்த்தார். முன்பின் தெரியாத பாய். "இன்னாம்மா, ஒண்டியா உக்காந்திருக்க? சாப்பிட வர்ல?"

"எப்படி வர்றது பாய்? என் வண்டி கீழ இருக்குது."

தூக்கத்தான் வருவார் என்று உடம்பை இறுக்கிக்கொண்டேன். அவரோ திரும்பிப் போய்விட்டார். போச்சு போ என்று நினைப்பதற்குள், ஒரு நீளப் பலகையோடு வந்தார். பின்வாசல் படியில், பிரியாணி தேக்சாவை, அந்தப் பெரிய அண்டாவை, தள்ளுவண்டியோடு ஏற்றுவதற்குப் போட்டிருந்த பலகை. "தேக்சாவே இதுல ஏறுது. நீ இன்னா, அதவிட ஜாஸ்தி வெயிட்டா?" என்றார். அழுகையோடு சிரித்துவிட்டேன். பலகையை மேடைப் படிமேல் சாய்த்துப் போட்டு, சக்கர நாற்காலியை மேலே உருட்டி வந்தார். நானே கையூன்றி மாறி உட்கார்ந்தேன். அவர் கீழிருந்து தாங்க, மெல்லப் பின்பக்கமாக இறங்கினேன்.

"அய்யோ, மறந்துட்டோமே!" என்று சாப்பாட்டு ஹாலில் எங்கள் ஆட்கள் பதறினார்கள். கெட்டவர்கள் இல்லை. இந்த வருட விழாவுக்கும் "வா, தூக்கிடலாம்" என்றுதான் கூப்பிட்டார்கள். "பலகை போட்டா வர்றேன்" என்றேன். இன்னும் பதில் வரவில்லை.

பிரியாணி மேலே ஏற வழி யோசித்தவர்களுக்குப் பாடுகிறவள் ஏறி இறங்க ஒரு வழி தோன்றவில்லையே என்ற நினைப்பு, ஷூவில் நூல் பார்த்தபடி எனக்கு நானே பாடிக்கொள்ளும்போதெல்லாம் வந்து பாட்டைப் பாதியில் நிறுத்திவிடுகிறது.