அத்தை இறங்கும்வரை கூட்டாத வீடு

மலேசியாவில், செமோர் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டில் விளக்குமாற்றுக்கு ஓய்வு கிடைத்தது என்றால் அது அத்தை கனடாவுக்குப் போனபோதுதான். ஊருக்குக் கிளம்பியவர் போய் இறங்கும்வரை வீட்டைக் கூட்டக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். எங்கோ ஆகாயத்தில் பறந்துகொண்டிருக்கும் அத்தையை எங்கள் வீட்டு விளக்குமாறு என்ன செய்துவிடும் என்று கேட்டேன். "அது அப்படித்தான்லா," என்றாள் அம்மா. எனக்கு அப்போது ஒன்பது வயது, பள்ளி விடுமுறை வேறு. இந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. ரப்பர் தோட்டத்தில் இருந்தபோதே பெற்றோர் அடுத்தடுத்துத் தவறிவிட, அப்பாதான் அவளைப் படிக்க வைத்து ஆளாக்கினார். தஞ்சோங் மாலிமில் இன்ஜினியராக இருந்தவளுக்குக் கனடாவின் மொன்றியல் நகரில் வேலை கிடைத்தது. அந்த ஊரில் கடைக்குப் போனாலும் பிரெஞ்சுதான் என்பதால், கிளம்பும்வரை எங்களோடு வந்து தங்கியிருந்தவள் வீட்டுச் சாமான்களின் பிரெஞ்சுப் பெயர்களைத் துண்டுக் காகிதங்களில் எழுதி அந்தந்தச் சாமான் மேலேயே ஒட்டி மனப்பாடம் செய்தாள். இத்தனை நாள் பழகிய அரிசிப் பானைக்கும் கதவுக்கும் இன்னொரு பெயர் இருந்தது எனக்குப் பெரிய அதிசயம். நானும் வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்பா மட்டும் அந்தக் காகிதங்கள் இருந்த பக்கமே திரும்ப மாட்டார்.

"பாஷை தெரியாத ஊரு. கல்யாணம் ஆவாத பிள்ள தனியா போயி என்னா பண்ணுவ?"

"பாஷைய படிச்சிக்கலாம் அண்ணே."

"அப்ப போ. எங்கிட்ட இனிமே பேசாத."

கிளம்பிய அன்று டாக்சிச் சக்கரத்தின் கீழ் அம்மா எலுமிச்சம்பழம் வைத்தாள். அப்பா ஏற்கெனவே நனைந்திருந்த செடிகளுக்கு மறுபடி தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "அண்ணே, போயிட்டு வாரேன்," என்றாள் அத்தை. அப்பா குழாயை அடுத்த தொட்டிக்கு நகர்த்தினார். டாக்சி திரும்பியபோது அத்தை அழுதுகொண்டிருந்தாள். நானோ பழம் ஒழுங்காக நசுங்கியதா என்று பார்ப்பதில் மும்முரமாக இருந்தேன்.

மறுநாள் மாலை வேலை விட்டு வந்த அப்பா என்னை மட்டும் வாசலுக்குக் கூப்பிட்டார். அவர் கைப்பேசி வரைபடத்தில் நீலக் கடல், அதன்மேல் எறும்பு அளவில் ஒரு மஞ்சள் விமானம். அது நகர்வதை இருவரும் வெகுநேரம் பார்த்தோம். அதில் யார் போகிறார்கள் என்று அவர் சொல்லவில்லை. அடுத்த நாள் காலை, வேலைக்குக் கிளம்பும் முன் மறுபடி எடுத்துப் பார்த்து, "எறங்கிருச்சு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "அம்மாகிட்ட சொல்லாத," என்றார்.

அவர் போன சற்று நேரத்தில் அத்தை அம்மாவைக் கைப்பேசியில் கூப்பிட்டாள். என்னிடமும் பேசினாள். அங்கே இன்னும் நேற்று ராத்திரியாம். நேற்றில் இருப்பவளோடு இன்றைக்கு எப்படிப் பேச முடிகிறது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அம்மா கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். "அண்ணன் ஏதாச்சும் கேட்டுச்சா அண்ணி?" என்று அத்தை கேட்டது என் காதிலும் விழுந்தது. சரி, அத்தைதான் இறங்கிவிட்டாளே என்று நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தேன். அம்மா அதைப் பிடுங்கி அலமாரிக்கு மேலே போட்டாள்.

"அத்தை பேசினத அப்பாகிட்ட சொல்லாத."

இரண்டு ரகசியங்களையும் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்பாவோ, தரையில் ஒரு பருக்கை கிடந்தாலும் சாப்பிட உட்காராத மனிதர். வீட்டிலோ பிஸ்கட் தூள், பூனை முடி, ரம்புத்தான் பழத்தோல், அதை மொய்க்கும் எறும்பு. அன்று மாலை வேலை விட்டு வந்தவர் நடக்கும்போதெல்லாம் ஒரு காலை மற்றொரு காலில் தேய்த்துக்கொண்டார்.

"வீடா இது? கூட்டுனா என்னா?"

"உங்க தங்கச்சி எறங்கிருச்சான்னு தெரியாம எப்படிங்க கூட்டுறது? வேணும்னா நீங்களே கேளுங்க."

அன்று ராத்திரி முழுக்க முறைப்போடு சமாளித்தார். மறுநாள் காலை எறும்பு அவர் காப்பிக் கோப்பைக்கே வந்துவிட்டது. கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"எறங்கிட்டியா?" என்றார். "ஒண்ணுமில்ல. வீடு கூட்டாம கெடக்குது, அதான் கேட்டேன்."

அந்தப் பக்கம் அத்தை என்ன சொன்னாளோ, அப்பா செடிகள் பக்கம் திரும்பிக்கொண்டார். "சாப்டியா? ரொம்பக் குளிருதா?" என்று கேட்டார்.

உள்ளே வந்து அப்பாவே விளக்குமாற்றை எடுத்துக் கூட்டினார். மேலே சுழன்ற மின்காற்றாடியின் காற்றில் உதிர்ந்து கிடந்த கதவின் பிரெஞ்சுப் பெயரை மட்டும் குப்பையோடு தள்ளாமல் எடுத்து, ஊதி, பழைய இடத்திலேயே ஒட்டினார். அம்மா அடுப்பைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அத்தை இறங்கியது அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்த ஒன்றைக் கேட்பதற்கு அப்பாவுக்கு எதற்கு அவ்வளவு குப்பை வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.