பழவேற்காட்டுக்குச் சுண்ணாம்பு தேடிப் போனேன்

பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்க இப்போது நிறைய பேர் போகிறீர்கள். நான் போனது எண்பத்து நான்காம் வருடம், மாசி மாதம், இரண்டாவது வெள்ளிக்கிழமை. பறவை பார்க்க இல்லை. ஒருவரோடு சண்டை போட.

திருத்தணியில் மலைப்படிக்குக் கீழே எனக்கு வெற்றிலைக் கடை. சுட்ட கிளிஞ்சலை வாங்கி, நானே தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்பு ஆக்குவேன். கிளிஞ்சல் சுண்ணாம்பு நாக்கைச் சுடாது. கல் சுண்ணாம்பில் நாக்கு பொத்துப்போகும். பதினோரு வருடமாகப் பழவேற்காட்டுத் தேசப்பன்தான் மாதம் ஒரு மூட்டை கிளிஞ்சல் கொண்டுவருவார். ஐப்பசியில், “அடுத்த கிருத்திகைக்குள்ள வந்துடறேன்க்கா” என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டுச் சொன்னவர், தைக் கிருத்திகைக்கும் வரவில்லை.

அரக்கோணத்தில் கல் சுண்ணாம்பு வாங்கிச் சமாளித்தேன். நாலு பேருக்கு வாய் வெந்தது. அதைக் கேட்டு மீதிப் பேர் எல்லோரும் பக்கத்துக் கடை ரங்கம்மாவிடம் போய்விட்டார்கள். “உன் வெத்தலைய போட்டவங்க மோர் குடிச்சிகினே மலையேறாங்களாமே” என்று அவள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. பங்குனிக் கூட்டத்துக்குள் நல்ல சுண்ணாம்பு வராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். பேச்சுத் தவறிய மனிதரை நேரில் கேட்டுவிட்டு, கிளிஞ்சலையும் கையோடு தூக்கி வருவது என்று இரண்டு கோணிப்பையோடு கிளம்பினேன்.

காலை 5.10க்கு முதல் பஸ். திருவள்ளூருக்கு 6.40க்குப் போய்ச் சேர்ந்தது, மூன்று ரூபாய். அங்கிருந்து பெரியபாளையம் வழியாகப் பொன்னேரிக்கு இரண்டு மணி நேரம். மூன்று ரூபாய் இருபது காசு. பெரியபாளையத்தில் பஸ் கால் மணி நின்றபோது இட்லி சாப்பிட்டேன். சட்னி ஊசிப்போயிருந்தது. சொன்னதற்குக் கடைக்காரர் சிரித்தார். அந்தக் கடையில் பிறகு நான் கால் வைக்கவே இல்லை. பொன்னேரியிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர், ஒரு ரூபாய் நாற்பது காசு. பத்தரைக்கு ஏரி தெரிந்தது. ஏரி என்கிறார்கள், வாயில் வைத்தால் உப்பு. கடல் எங்கே முடிகிறது என்று கேட்டதற்கு ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டினார்கள். குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

தேசப்பன் வீட்டு வாசலில் அவருடைய அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தேசப்பன் எழுந்து நின்றார். வழியெல்லாம் சேர்த்து வைத்த பேச்சை ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் வலது கைப் பெருவிரலைக் காட்டினார்.

“ஆபீசருங்க வந்து ஊரையே உக்கார வெச்சி, கிளிஞ்சல் தோண்ட மாட்டோம்னு ரேகை வாங்கிகினாங்கக்கா. உன் மூஞ்சில எப்பிடி முழிக்கிறதுன்னு வரல.”

“எனக்குச் சொன்ன வாக்கு இன்னா ஆச்சி?”

“அது நான் ஒருத்தன் சொன்னது. இது ஊர் சொன்னது.”

அந்த ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை இருக்கிறது. இன்று இந்த இடத்தில் இவர் வலை, நாளை அவர் வலை என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். ஊர்ப் பேச்சை மீறினால் அந்த முறையிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்களாம். ஒரு கூடை கிளிஞ்சலுக்காக அவர் வலை போடும் இடமே போய்விடும். அது எனக்குப் புரிந்தது. ரேகை எதற்கு வாங்கினார்கள் என்பதுதான் புரியவில்லை. அவருக்கும் புரியவில்லை.

கரையில் பறவைச் சரணாலயம் என்று ஒரு புதுப் பலகையும், அதன் நிழலில் ஒரு காவல்காரரும் இருந்தார்கள். அவரிடம் போனேன். பறவைகள் பல தேசம் தாண்டி வருகின்றன, அவை தங்கும் தண்ணீரைக் காப்பாற்றுவோம் என்று பல தேசங்களோடு சேர்ந்து நம் தேசமும் கையெழுத்துப் போட்டிருக்கிறது, கிளிஞ்சல் தோண்டினால் அடிச்சேறு கலங்கி அவற்றின் தீனி கெடும் என்றார். செத்த ஓட்டை எடுத்தால் உயிருள்ள பறவைக்கு என்ன என்று கேட்டேன். அந்த ஓட்டில்தான் குஞ்சுச் சிப்பி ஒட்டி வளரும் என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. எனக்கு அதனால் இன்னும் கோபம் வந்தது.

“கையெழுத்து போட்டவங்க இந்த ஏரியப் பாத்தாங்களா?”

“நானே அவங்களப் பாத்ததில்லம்மா. எனக்கு வந்தது இந்தப் பலகை மட்டுந்தான்.”

ஏரியின் ஆந்திரா பக்கம் தோண்டுகிறார்கள் என்று தேசப்பன் சொன்னார். நான் பள்ளிப்பட்டில் பிறந்தவள், தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. அவர் படகிலேயே முக்கால் மணி போனோம். வழியில் தூரத்துத் தண்ணீர் ரோஜா நிறமாக இருந்தது. கிட்டே போனதும் அந்த நிறம் எழுந்து பறந்தது. எதிரே வந்த படகில் ஒரு பெரியவர். “நைனா, உங்க பக்கம் கிளிஞ்சல் கிடைக்குமா?” என்று தெலுங்கில் கேட்டேன். எங்களையும் நிறுத்திவிட்டார்கள், தமிழ்நாட்டுப் பக்கம் தோண்டலாமாமே என்று அவர் என்னைக் கேட்டார். எல்லைக் கோடு எங்கே என்றேன். துடுப்பால் தண்ணீரைத் தொட்டுக் காட்டினார். துடுப்பை எடுத்ததும் அங்கே ஒன்றுமில்லை.

கரைக்குத் திரும்பியதும் தேசப்பனின் அம்மா என்னைக் கூப்பிட்டார். நான் கொண்டுபோன வெற்றிலையில் ஆளுக்கு இரண்டு எடுத்தோம். அவர் உள்ளே போய், கைக்குள் அடங்கும் ஒரு டப்பாவைக் கொண்டுவந்தார். பாதிக்குக் கீழே இருந்தது, அந்த வீட்டின் கடைசிக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. விரல் நுனியில் தொட்டு என் வெற்றிலையில் தடவிவிட்டு, டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

“எட்துகினு போ. நான் எப்பிடியாவது ஓட்டிக்கறேன்.”

நாக்கு சுடவில்லை. நான் டப்பாவை அவர் பக்கமே தள்ளிவிட்டேன். மூன்றரை பஸ்ஸில் இரண்டு காலிக் கோணியோடு ஏறினேன். பங்குனிக்கு முன் கடையை மூடினேன். அந்த இடத்தில் ரங்கம்மா சோடா வைத்தாள். அவள் மேல் எனக்கு இன்றும் கோபம்தான். தேசப்பன் மேல் கோபம் போய்விட்டது. அந்தக் கையெழுத்தின் மேல் இருக்கும் கோபத்தை யார் வீட்டுக்கு எடுத்துப் போவது என்று இன்றுவரை தெரியவில்லை.

போகிறவர்கள் மார்கழியிலிருந்து மாசிக்குள் போங்கள். படகுக்குக் கூலி பேசிவிட்டு ஏறுங்கள். குடிதண்ணீர் பொன்னேரியிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். வெற்றிலை போடுகிறவர்கள் சுண்ணாம்பையும் மறக்காமல் கொண்டுபோங்கள், அங்கே கேட்காதீர்கள்.