தேசப்பன் தரம் பிரித்த புயல்கள்

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை இருந்த காலத்தில், ஐப்பசி பிறந்துவிட்டால் ஏரியின் மேற்குக் கரையிலிருந்த சுண்ணாம்புக்குளத்து ஜனம், காற்றை வைத்துப் புயல் சொல்லும் தேசப்பன் வாயைத்தான் பார்க்கும். கோட்டையிலிருந்தும் கப்பலுக்காக ஆள் வந்து கேட்டுப் போகும். புயல்களை அவர் மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார். கடலிலேயே சாவது ஒன்று. வடக்கே கரையேறுவது இன்னொன்று. அது வந்தால், வடக்கிலிருந்து வீசும் வாடை மேற்குக் காற்றாகத் திரும்பி, ஏரித் தண்ணீரை அப்பால் ஒதுக்கும். சேற்றில் இறங்கிக் கையாலேயே இறால் தடவலாம். தெற்கே ஏறுவதுதான் பொல்லாதது. வாடை கிழக்குக் காற்றாகத் திரும்பி, கடலையே ஏரிக்குள் தள்ளிவிடும்.

ஒரு வருஷம், பருவத்தின் இரண்டாவது புயலைப் பொல்லாதது என்றார். ஊர் நான்கு நாள் மேட்டில் பட்டினி கிடந்தது. புயல் கடலிலேயே செத்தது.

கார்த்திகையில் அடுத்தது கிளம்பியது. விடிந்ததும் ஒரு பிடி மணலைத் தூவினார். மேற்குக் காற்றில் அது ஏரிப்பக்கம் பறந்தது.

"வடக்கால போவுது. எறங்கலாம்."

"நெசமாவா மாமா? இல்ல, இன்னொரு தபா மேட்டுல குந்தணுமா?" என்றான் பக்கத்து வீட்டு முனியன்.

"அவரு வாய கிண்டாத. கஞ்சிக்கு நாலு எறா புடிச்சாறேன்" என்று சிரித்தபடி, தேசப்பன் மனைவி குப்பம்மாள் மற்ற ஏழு பெண்களோடு சேற்றில் வெகுதூரம் போனாள்.

உச்சிப்பொழுதில் மறுபடி தூவினார். மணல் தெற்கே பறந்தது. திரும்பவும் வாடை. திரும்பிய காற்று பின்வாங்கி அவர் பார்த்ததில்லை. புயல் வழி மாறித் தெற்கே இறங்குகிறதோ? கூப்பிட வாயெடுத்தார். முனியன் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரே நாளில் இரண்டு பேச்சுப் பேசினால் நாளைக்கு எவன் கேட்பான்? இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தார்.

அடுத்த பிடி அவர் முகத்திலேயே வந்து அடித்தது. கிழக்குக் காற்று.

"ஏறுங்கடி! குப்பு, ஏறி வாடி!"

எதிர்க்காற்று குரலைத் திருப்பி அவர் வாய்க்குள்ளேயே தள்ளியது. பெண்கள் குனிந்த தலை நிமிரவில்லை. தண்ணீர் வந்த பிறகுதான் ஓடினார்கள். ஏழு பேர் கரையேறினார்கள். குப்பம்மாள் இரண்டு நாள் கழித்து முட்புதரில் கிடைத்தாள்.

அதன்பின் எந்தப் புயலைப் பற்றிக் கேட்டாலும் "பொல்லாதது" என்றார். எல்லாமே கடலில் செத்தன. அடுத்த வருஷம் பசி தாளாத ஜனம் கேட்பதையே விட்டுவிட்டது.

"போதும், வுடு மாமா" என்று முனியன் மனைவி சேற்றில் இறங்கினாள். அவள் திரும்பி வரும்வரை தேசப்பன் கரையில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.